டிரெய்லர் இழுக்கும்போது பிரீமியம் பெட்ரோல் போட வேண்டுமா?

கேட்டவர் டல்லஸில் குடும்பத்தோடு இருக்கிறார். வண்டி 2021 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக், 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ என்ஜின். 6,500 பவுண்டு எடையுள்ள கேம்பர் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஜூலையில் கொலராடோ மலைகளுக்குப் போகப் போகிறார். அவர் கேட்டது மூன்று. 87 ஆக்டேன் ரெகுலருக்குப் பதில் பிரீமியம் (91 அல்லது 93) போட்டால் என்ஜினுக்குப் பவர் கூடுமா? கூடினால் இன்னும் அதிக எடை இழுக்கலாமா? "ஊரில் 91 போட்டுப் பழகியவன் நான், இங்கே 87 என்றால் மட்டமான பெட்ரோலா?"

முதலில் நேரடியான பதில். உங்கள் வண்டிக்கு, இந்தப் பயணத்துக்கு மட்டும், பிரீமியம் போடுங்கள். பவர் கொஞ்சம் கூடும். இழுக்கக்கூடிய எடை ஒரு பவுண்டுகூட அதிகமாகாது. இங்கே விற்கும் 87 மட்டமானது அல்ல. ஆனால் கொலராடோவில் "ரெகுலர்" என்று எழுதியிருக்கும் பம்பை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன், இந்தப் பதிலில் முக்கியமானது அதுதான்.

அந்த 91, 87 குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஆக்டேன் எண்ணை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டும் ஒற்றை சிலிண்டர் சோதனை என்ஜினில் நடப்பவை. ரிசர்ச் முறையில் என்ஜின் 600 ஆர்பிஎம்மில் மெதுவாக ஓடும். மோட்டார் முறையில் 900 ஆர்பிஎம். உள்ளே போகும் கலவையையும் 149 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிவிடுவார்கள். இரண்டாவது கடினமான சோதனை, அதனால் அதே பெட்ரோலுக்கு எண் குறைவாக வரும். இந்தியா, இலங்கை, மலேசியா, ஐரோப்பா எல்லாம் முதல் எண்ணை மட்டும் பம்பில் போடுகின்றன. அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். ஆகவே இங்கத்திய 87 என்பது ஊரில் நாம் பார்த்த 91-க்குக் கிட்டத்தட்ட சமம். இங்கத்திய 93 ஏறக்குறைய ஊர்க் கணக்கில் 98. அளவுகோல்தான் வேறு.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலில் இருக்கும் சக்தியின் அளவு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அழுத்தமும் சூடும் ஏறும்போது, தீப்பொறி வந்து சேரும்வரை இந்தப் பெட்ரோல் எவ்வளவு தூரம் தானாகப் பற்றாமல் தாங்கும். இன்னும் சொன்னால், எத்தனாலின் ஆக்டேன் எண் சாதாரண பெட்ரோலைவிட மிக அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தானாகப் பற்றுவது என்றால் என்ன? தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் பற்றவைத்தால் தீ வரிசையாக ஓடி ஒவ்வொன்றாக வெடிக்கும். நல்ல எரிதல் அப்படித்தான்: ஸ்பார்க் பிளக்கில் தொடங்கிய தீ சிலிண்டருக்குள் பரவி, பிஸ்டனைச் சீராகக் கீழே தள்ளும். இப்போது பாதிச் சரம் எரிந்துகொண்டிருக்கும்போதே மீதிப் பாதி சூடு தாங்காமல் மொத்தமாக ஒரே நேரத்தில் வெடித்தால்? அதுதான் நாக்கிங். தீ இன்னும் போய்ச் சேராத ஓரத்துக் கலவை, ஏற்கெனவே எரிந்த வாயு நெருக்குகிற அழுத்தத்தில் சூடேறி, தானாகவே வெடிக்கிறது. அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதி அந்த 'டிக் டிக்' சத்தத்தை எழுப்புகின்றன. நீடித்தால் பிஸ்டன் முகப்பு அரிக்கும், ரிங் இருக்கும் பள்ளத்தின் விளிம்பு உடையும்.

அப்படியானால் பவர் எங்கிருந்து கூடுகிறது? இங்கேதான் என்ஜின் கம்ப்யூட்டர் வருகிறது. பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்பார்க் அடிக்க வேண்டும், ஏனென்றால் தீ பரவ நேரம் பிடிக்கும். 3,000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றுக்கே 20 மில்லி நொடிதான். சரியான தருணத்தில் அடித்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரிதான். அது திரும்பத் தொடங்கும் கணத்தில் தள்ளினால் உயரப் போகும், தாமதமாகத் தள்ளினால் அதே கைவலிமை வீணாகும்.

என்ஜின் பிளாக்கில் பொருத்தியிருக்கும் நாக் சென்சார் அந்த வெடிப்பின் அதிர்வைக் கேட்டதும், கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைச் சில டிகிரி தாமதப்படுத்துகிறது. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் கருவி) உள்ள வண்டியில் பூஸ்டையும், அதாவது அந்தக் கூடுதல் காற்றழுத்தத்தையும், குறைக்கும். நாக்கிங் நின்றுவிடும், என்ஜின் தப்பிக்கும், ஆனால் ஊஞ்சல் தாமதமாகத் தள்ளப்படுகிறது. பெட்ரோலின் சக்தி பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் சூடாக எக்ஸாஸ்டில் வெளியே போகிறது. எக்ஸாஸ்ட் அளவுக்கு மீறிச் சூடேறினால் டர்போவையும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற, கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக் குளிர்விக்கும். அதாவது பவர் குறையும்போதே பெட்ரோல் செலவு ஏறுகிறது.

அதிக ஆக்டேன் செய்வது இந்தத் தாமதத்தைத் தேவையில்லாமல் ஆக்குவதுதான். புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. என்ஜின் ஏற்கெனவே செய்யக்கூடியதைச் செய்ய விடுகிறது.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 1940-இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் என்ஜின். 87 ஆக்டேன் பெட்ரோலில், டர்போ போலவே காற்றைத் திணிக்கும் அதன் சூப்பர்சார்ஜரின் பூஸ்டை ஆறேகால் பிஎஸ்ஐ-க்கு மேல் ஏற்ற முடியாது. குதிரைத்திறன் சுமார் 1,030. அமெரிக்காவிலிருந்தும் வந்த 100 ஆக்டேன் எரிபொருளுக்கு மாறியதும், அதே என்ஜினில் அவசரத்துக்கு 12 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுக்க முடிந்தது; குதிரைத்திறன் 1,300-ஐத் தாண்டியது. பெட்ரோலில் இருந்த சக்தி ஏறக்குறைய அதேதான். பூஸ்டை ஏற்றலாம் என்ற அனுமதிதான் வித்தியாசம். அந்த அனுமதியைப் பயன்படுத்தத் தெரியாத என்ஜினில் 100 ஆக்டேன் ஊற்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஊரில் 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலைக் கொண்டுவந்தபோது, 100 சிசி பைக்கில் ஊற்றலாமா என்று பலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்கும் இதையேதான் சொன்னேன். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் கலவையைப் பிஸ்டன் நெருக்கும் விகிதம்) குறைவான, சாதாரண பெட்ரோலிலேயே நாக்கிங் வராத என்ஜினுக்கு அந்தத் தாங்கும் திறன் தேவையே இல்லை.

உங்கள் என்ஜின் அந்த ரகம் அல்ல. 10.5-க்கு 1 கம்ப்ரெஷன், அதற்கு மேல் இரண்டு டர்போ. ஃபோர்டு விளம்பரத்தில் சொல்லும் 400 குதிரைத்திறனும் 500 பவுண்டு-அடி டார்க்கும் (சுழற்று விசை) பிரீமியம் பெட்ரோலில் அளந்தவை. அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். 87 போதும் என்று சொல்லிவிட்டு, டிரெய்லர் இழுப்பது போன்ற கடும் வேலைக்குப் பிரீமியம் நல்லது என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கும். செய்தவர்களே சொல்லும் வார்த்தை அது. என் பதிலைவிட அதைத்தான் நீங்கள் அதிகம் நம்ப வேண்டும்.

எண்ணில் எவ்வளவு? கார் அண்ட் டிரைவர் இதழ் 2019-இல் இதே 3.5 லிட்டர் என்ஜின் உள்ள எஃப்-150-ஐ இரண்டு பெட்ரோலிலும் சோதித்தது. சக்கரத்தில் கிடைத்த பவர் 93-இல் 380 குதிரைத்திறன், 87-இல் 360. நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகம் தொட 93-இல் 5.3 நொடி ஆனது, 87-இல் 5.9 ஆனது. பிரீமியம் கட்டாயம் அல்ல, பரிந்துரை மட்டுமே என்று இருக்கும் ஆறு வண்டிகளை அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2017-இல் சோதித்தபோது, சராசரியாக 2.7 சதவீதம் மைலேஜும் 1.4 சதவீதம் குதிரைத்திறனும்தான் கூடின. மஸ்டா இதைத் தானே ஒப்புக்கொண்ட நிறுவனம்: சிஎக்ஸ்-9 காரின் 2.5 லிட்டர் டர்போவுக்கு 87-இல் 227, 93-இல் 250 குதிரைத்திறன் என்று இரண்டு எண்ணையும் வெளியிட்டது. அதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தக் கார் அறிமுகமானபோது டார்க் இரண்டிலும் ஒன்றே, 310 பவுண்டு-அடி, 2,000 ஆர்பிஎம்மில். பவர் மட்டும் மேல் ஆர்பிஎம்மில் பிரிந்தது. எல்லா என்ஜினும் ஒரே மாதிரி நடக்காது.

இருபது குதிரைத்திறன் உங்கள் மலையேற்றத்தை மாற்றுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிரக்கும் குடும்பமும் சாமான்களும் சேர்த்து 6,000 பவுண்டு, டிரெய்லர் 6,500. மொத்தம் 12,500, அதாவது சுமார் 5,670 கிலோ. 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 55 மைல் வேகத்தில் இந்த எடையை உயர்த்த மட்டும் 110 குதிரைத்திறன் வேண்டும். கேம்பர் என்பது காற்றுக்கு எதிரே நிற்கும் ஒரு சுவர். அதற்கும் டயர் உராய்வுக்குமாக இன்னொரு 70 போல வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் 180, கியர்பாக்ஸ் இழப்பைச் சேர்த்தால் என்ஜினில் 200-க்குச் சற்று மேல். உங்களிடம் பிரீமியத்தில் 400 இருக்கிறது, 87-இல் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆகவே 87 போட்டாலும் வண்டி ஏறும். உச்சபட்ச பவர் இங்கே பிரச்சினையே இல்லை.

அப்புறம் ஏன் பிரீமியம் போடச் சொல்கிறேன்? இதழ்களின் சோதனை எல்லாம் சில நொடி வேலை. சிக்னலில் கிளம்பும்போது பூஸ்ட் வரும், ஐந்து நொடியில் போய்விடும். அந்த ஐந்து நொடி ஸ்பார்க் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. மலையில் டிரெய்லரோடு ஏறுவது பத்து நிமிடம், இருபது நிமிடம் விடாமல் பூஸ்டில் இருப்பது. நாக்கிங் வர என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே ஒன்றுசேர்ந்து நிற்கும்: அதிக சுமை, தாழ்ந்த ஆர்பிஎம், கொதிக்கும் கூலன்ட், வெப்பமான காற்று, சூடேறிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்). நாக்கிங் வரும்முன் கம்ப்யூட்டர் பின்வாங்கிக்கொண்டே இருக்கும், ஸ்பார்க் தாமதமாகும், எக்ஸாஸ்ட் சூடேறும், கூடுதல் பெட்ரோல் ஊற்றும், கியர்பாக்ஸ் ஒரு படி இறங்கும், மின்விசிறி முழு வேகத்தில் கத்தும். பிரீமியம் இருந்தால் இந்தச் சங்கிலி தொடங்குவதே தள்ளிப்போகும். எனக்குப் பிரீமியத்தின் மதிப்பு அந்த 20 குதிரைத்திறனில் இல்லை. நீண்ட ஏற்றத்தில் என்ஜின் சூடு குறைந்து, நிதானமாக ஓடுவதில் இருக்கிறது.

சரி, கொலராடோ விஷயம். டெக்சஸில் பம்பில் 87, 89, 93 என்று பார்த்துப் பழகியிருப்பீர்கள். கொலராடோவில் பல இடங்களில் அதே மூன்று பொத்தான்களில் 85, 87, 91 என்று இருக்கும். "ரெகுலர்" என்பது அங்கே 85. இது பழைய காலத்து ஏற்பாடு. உயரத்தில் காற்று மெலிதாக இருக்கும். டென்வரில் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வைத்த, டர்போ இல்லாத என்ஜின் அந்த மெல்லிய காற்றைத்தான் இழுக்கும்; சிலிண்டரில் அழுத்தம் குறையும்; நாக்கிங்கும் குறையும்; அதனால் 85 போதுமானதாக இருந்தது.

உங்கள் டர்போ அப்படி விட்டுக்கொடுக்காது. காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி, குறைந்ததை ஈடுகட்டப் பார்க்கும். அதற்காகக் காற்றை அதிக விகிதத்தில் அழுத்துகிறது, அழுத்திய காற்று இன்னும் சூடாகிறது. சிலிண்டருக்குள் நிலைமை டல்லஸில் இருப்பது மாதிரியே, சில சமயம் அதைவிடக் கடுமையாக. அதில் 85 ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பார்த்தது. டர்போ டிரக், பின்னால் படகு, டென்வருக்கு வெளியே அவசரத்தில் மலிவான பொத்தானை அழுத்திவிட்டார்கள். முதல் பெரிய ஏற்றத்தில் வேகம் 40-க்கு இறங்கி, வெப்பமானி மேலே ஏறத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, அடுத்த ஊரில் 91 நிரப்பி மெதுவாகத் திரும்பினார்கள். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஃபோர்டு கையேடும் 87-க்குக் கீழே போட்டால் என்ஜின் கெடலாம், வாரண்டி கிடைக்காமல் போகலாம் என்றுதான் எச்சரிக்கிறது. பொத்தானில் உள்ள பெயரைப் படிக்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்.

டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. போகும்போது ஜார்ஜ்டவுனுக்கு மேலே ஏற்றம் உண்டு. கடுமையானது திரும்பி வரும்போது: டில்லனிலிருந்து சுரங்கம்வரை ஏறக்குறைய 2,000 அடி ஒரே மூச்சாக ஏற வேண்டும், சில இடங்களில் 7 சதவீதம். டிரக் இதழ்க்காரர்கள் வண்டிகளை வைத்துச் சோதிப்பதே அங்கேதான். அந்த ஏற்றத்துக்கு முந்தின டேங்க்கே பிரீமியமாக இருக்கட்டும். அடிவாரத்தில் போய்ப் போடாதீர்கள், இரண்டு காரணத்துக்காக. ஒன்று, பாதி டேங்க் 87 இருக்கும்போது பாதி 91 ஊற்றினால் கிடைப்பது 89. இரண்டு, கம்ப்யூட்டர் உள்ளே இருப்பது எந்த ஆக்டேன் என்று நேராக அளப்பதில்லை. நாக் சென்சார் சொல்வதைக் கேட்டுக்கேட்டு, சுமையில் ஓடும்போது கொஞ்சம்கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது. பழைய பெட்ரோலுக்குக் கற்றதை மறக்க அதற்குச் சில பல மைல்கள் வேண்டும். கொலராடோவுக்குள் நுழையுமுன், டெக்சஸ் எல்லைக்குள்ளேயே பிரீமியம் நிரப்பிக்கொண்டு போனால் இரண்டும் தீர்ந்தது.

இரண்டாவது கேள்வி, அதிக எடை இழுக்கலாமா என்பது. கூடாது. ஒரு வண்டி எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதை நிர்ணயிக்கும் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரம் பவரை மட்டும் பார்ப்பதில்லை. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள ஏற்றத்தை முன்மாதிரியாக வைத்து, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அதோடு பிரேக், ஹிட்ச் (டிரெய்லரைக் கோக்கும் இணைப்பு), வளைவில் நிலைத்தன்மை, சேஸிஸ் என்று பலதும் உண்டு. உங்கள் டிரக் கதவில் ஒட்டியிருக்கும் பேலோடு எண்தான் (டிரக் தன்மேல் சுமக்கக்கூடிய எடை) பெரும்பாலும் முதலில் இடிக்கும்: ஹிட்ச்சில் அமரும் எடை டிரெய்லரில் 10 முதல் 15 சதவீதம், அதாவது உங்களுக்கு 650-இலிருந்து 975 பவுண்டு, அதன்மேல் குடும்பமும் சாமான்களும். இதில் எதையும் பெட்ரோல் மாற்றாது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் பெட்ரோல் அல்ல, கியரும் டிரெய்லர் பிரேக்கும்தான்.

உங்கள் நண்பர்கள் வேறு டிரக் வைத்திருந்தால் இதே பதிலை அப்படியே அவர்களிடம் சொல்லாதீர்கள். ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 டர்போ இல்லாத பெரிய என்ஜின், 87-க்கென்றே செய்தது. அதில் பிரீமியம் பணச்செலவுதான். ராம் 5.7 ஹெமிக்கு 87 பரவாயில்லை, 89 நல்லது என்று கையேடே சொல்கிறது. ஊரில் லாரிகள் ஓடும் டீசல் முற்றிலும் எதிர்த் திசை. அங்கே எரிபொருள் தானாகப் பற்றுவதுதான் வேலையே, அதை அளக்க சீட்டேன் என்ற வேறு எண் இருக்கிறது.

ஆட்டோ கடைகளில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களையும் விட்டுவிடுங்கள். "10 பாயிண்ட் கூட்டும்" என்று அட்டையில் இருந்தால், அந்தக் கணக்கில் பத்து பாயிண்ட் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆக்டேன். 87 போய் 88 ஆகும். அந்தப் பணத்தில் பம்பிலேயே பிரீமியம் போட்டுவிடலாம்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரோடு காலனுக்கு 10 மைல் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், போகவர 1,800 மைலுக்கு 180 காலன். ஒரு காலனுக்கு ஒரு டாலர் வித்தியாசம் என்றால் 180 டாலர். மைலேஜ் கூடி அதில் கொஞ்சம் திரும்பி வரும், முழுதும் வராது. டெக்சஸ் சமவெளியில் ஓடும் முதல் நாள், இதமான காலைப் பொழுதில், நிதான வேகத்தில் என்றால் 87-இலேயே போகலாம். அதில் கொஞ்சம் டாலர் மிச்சப்படும். நியூ மெக்சிகோ-கொலராடோ எல்லையில் உள்ள ரேட்டன் கணவாய்க்குப் போகுமுன், டெக்சஸில் அமரில்லோவிலேயே பிரீமியத்துக்கு மாறுங்கள், கொலராடோவை விட்டு இறங்கும்வரை அதிலேயே இருங்கள். வீடு வந்து டிரெய்லரைக் கழற்றியதும், பள்ளிக்கும் ஆபீசுக்கும் ஓடும் வண்டிக்குப் பழையபடி 87 போதும்.